வெள்ளீயமும் போடி மலையும்

பாலக்காட்டு அக்ரகாரங்களில் ரசத்துக்கென்றே ஒரு பாத்திரம் உண்டு, ஈயச்சொம்பு. பெயரில்தான் ஈயம், உண்மையில் அது வெள்ளீயம். நஞ்சான காரீயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம் என்பதால், புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். காலிச் சொம்பை ஏற்றிவிட்டுக் கொத்தமல்லி ஆயப் போனால் திரும்பி வரும்போது பர்னரைச் சுற்றி வெள்ளியாக ஓடிக் கிடக்கும். புது மருமகள் சொம்பை உருக்கிய கதை இல்லாத குடும்பம் அந்தத் தெருக்களில் குறைவு.

இதே உலோகத்தை, பாலக்காட்டுக்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்தை ஒட்டிய ஒரு மலையின் வயிற்றில், தனிச்சுழி வெப்பநிலைக்கு நூறில் ஒரு டிகிரி மேலே வைத்து அளக்க இந்திய இயற்பியலாளர்கள் திட்டமிட்டார்கள். மலை தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் இருக்கிறது. ஆவணங்களில் அதன் பெயர் போடி மேற்கு மலை. ஊர்க்காரர்களுக்கு அம்பரப்பர் மலை. அந்தத் திட்டத்தின் கதையை நியூட்ரினோ என்ற ஒற்றைச் சொல்லோடு தமிழகம் அறிந்திருக்கிறது. அதற்குள் வெள்ளீயத்துக்கு ஓர் இடம் இருந்தது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

தென்னிந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளீயத் தாது இல்லை. என்றுமே அது கடல் வழியாக வந்த சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடான பெரிப்ளுஸ், முசிறியிலும் நெல்கிந்தாவிலும் இறங்கும் சரக்குகளில் செம்பு, காரீயம் ஆகியவற்றோடு வெள்ளீயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. முசிறியிலிருந்து கிழக்கே கொங்குநாட்டுக்குப் போக இயற்கை விட்டுவைத்த ஒரே அகலமான வாசல் பாலக்காட்டுக் கணவாய். அந்தத் தடத்தில் உள்ள வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கிழக்குக் கடலுக்கு அப்பால் இன்னொரு சாட்சி இருக்கிறது. தாய்லாந்தில் வெள்ளீயம் விளையும் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. குளம் வெட்டியதையும் மணிக்கிராமத்து வணிகர்களின் காவலையும் அது பேசுகிறது. அந்த வணிகர்கள் அங்கே போனது வெள்ளீயத்துக்காகத்தான் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனாலும் வேறு எதற்காக அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

வந்து இறங்கிய உலோகத்தில் ஒரு பகுதி சொம்பானது, பெரும்பகுதி பூச்சானது. எவர்சில்வர் வருவதற்கு முன், பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஈயம் பூச வேண்டியிருந்தது. தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்த நொடியிலேயே வெள்ளீயக் குச்சியை உள்ளே தொட்டு, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால் பித்தளையின் மஞ்சள் மறைந்துவிடும். நவச்சாரம் ஆக்சைடுப் படலத்தை அரித்து எடுக்கும். உலோகம் உலோகத்தோடு ஒட்டும். பரப்பில் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் மிஞ்சினாலும் பூச்சு நிற்காது என்பது பூசுகிறவருக்கு அத்துபடி.

அப்படிப்பட்ட ஒரு படலமே பின்னாளில் இயற்பியலுக்குக் கை கொடுத்தது.

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஆன்னெஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-ல் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினில் திடீரென மறைவதைக் கண்டார். மீக்கடத்தல் என்ற புதிய நிலை அது. அடுத்த ஆண்டு டிசம்பரில் காரீயமும் வெள்ளீயமும் பட்டியலில் சேர்ந்தன. வெள்ளீயம் 3.7 கெல்வினுக்குக் கீழே மின்தடையை முழுவதுமாக இழக்கும். தூய்மையாகக் கிடைக்கும், எளிதில் உருகும், படலமாகப் படியும். இப்படி ஓர் உலோகம் கையில் இருந்ததால் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் மீக்கடத்திச் சோதனைகளில் திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளீயம் தென்படுகிறது. 1933-ல் மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும் மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறது என்று காட்டியபோதும் மேசையில் இருந்தது இதுதான்.

1962-ல் கேம்பிரிட்ஜில் 22 வயது பிரையன் ஜோசப்சன் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மிக மெல்லிய படலத்தை வைத்தாலும், வோல்டேஜ் எதுவும் இல்லாமலே அதன் ஊடாக மின்னோட்டம் பாயும் என்றது கணக்கு. பெரியவர்கள் பலர் நம்பவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிலிப் ஆண்டர்சனும் ஜான் ரோவலும் 1963-ல் அதை அளந்துவிட்டார்கள். அவர்கள் செய்த சந்தியில் ஒரு பக்கம் வெள்ளீயம், மறுபக்கம் காரீயம். நடுவே இருந்தது வெள்ளீயம் காற்றுப் பட்டுத் தானே போர்த்திக்கொண்ட ஆக்சைடு. நவச்சாரம் போட்டு விரட்டப்படும் அதே வகைப் படலம்தான். அதே ஆண்டில் சிட்னி ஷப்பிரோ அலுமினியமும் வெள்ளீயமும் சேர்ந்த சந்தியின் மேல் மைக்ரோவேவ் பாய்ச்சினார். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட வோல்டேஜ் சீராக ஏறாமல் படிப்படியாக ஏறியது. ஒரு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு ஒரு படியின் உயரம் சுமார் 2.07 மைக்ரோவோல்ட். உலகெங்கும் தரநிர்ணய ஆய்வகங்கள் வோல்ட்டை இந்தப் படிகளை வைத்தே அளவுகோலாக்கின.

1965-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் கிளார்க், நயோபியம் கம்பியின் மேல் ஒரு சொட்டு சால்டர் ஈயத்தை உறையவைத்து நுண்ணிய வோல்டேஜை அளக்கும் கருவியைச் செய்தார். ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் அதே வெள்ளீய–காரீயக் கலவைதான். 2025-ன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். பரிசு பிற்காலத்து வேலைக்கு. இருந்தாலும் அந்தச் சால்டர் சொட்டை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. பெரிய ஆய்வகங்களின் கதைகளில் இவ்வளவு மலிவான பொருள் அடிக்கடி வருவதில்லை.

வெள்ளீயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் படிக அமைப்பு மெல்ல மாறத் தொடங்கும். பளபளக்கும் உலோகம் சாம்பல் நிறப் பொடியாக உதிரும். ஐரோப்பியர்கள் இதை வெள்ளீயக் கொள்ளைநோய் என்று அழைத்தார்கள். வட ஐரோப்பிய தேவாலயங்களில் ஆர்கன் குழாய்கள் குளிர்காலத்தில் பொடியாக உதிர்ந்தன. 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாங்கா தீவு வெள்ளீயக் கட்டிகளே சிதைந்துபோயின. பாலக்காட்டு வெயிலில் இந்த நோய்க்கு வேலையில்லை. ஜனவரியில் உறைபனி விழும் மூணாறில் சொம்பை வைத்தாலும் பயப்பட வேண்டியதில்லை. மாற்றம் மிக மெதுவானது. கடையில் கிடைக்கும் வெள்ளீயத்தில் கலந்திருக்கும் சிறு அசுத்தங்களே அதைத் தடுத்துவிடும்.

நெடுங்காலம் சாம்பல் வெள்ளீயத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லியாங் ஃபூவும் சார்லஸ் கேனும் அதைக் கவனித்தார்கள். படிகத்தைச் சற்றே இழுத்து விறைப்பாக்கினால் சாம்பல் வெள்ளீயம் டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டராக மாறும் என்றார்கள். உள்ளே மின்சாரம் ஓடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும். அப்படி ஓடும் எலக்ட்ரான்களின் சுழற்சி அவை போகும் திசையோடு பூட்டப்பட்டிருக்கும். இதுதான் இந்த வகைப் பொருளின் லட்சணம். அதே 2007-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பாதரச டெலுரைடு அடுக்குகளின் விளிம்பிலும், 2009-ல் பிஸ்மத் செலினைடின் மேற்பரப்பிலும் இந்த வகை நடத்தை அளக்கப்பட்டது. விறைத்த சாம்பல் வெள்ளீயத்தின் முறை 2013-ல் வந்தது.

2008-ல் அதே இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். இப்படிப்பட்ட பொருளின் மேற்பரப்பில் மீக்கடத்தியை ஒட்டிச் சந்தி செய்தால், அங்கே மயோரானா நிலைகள் உருவாகும் என்றது அவர்கள் கட்டுரை. எத்தோரே மயோரானா இத்தாலிய இயற்பியலாளர். தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் ஒரு துகள் சாத்தியமே என்று 1937-ல் எழுதினார். 1938 மார்ச்சில் பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பலேறியவர் பிறகு காணக் கிடைக்கவில்லை. துகளாவது கிடைக்குமா என்ற தேடல் இரண்டு திசைகளில் போனது. ஒன்று சில்லுகளின் மேல். மற்றொன்று மலைகளுக்கு அடியில்.

சில்லு அளவீடு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நகக்கண் அளவுச் சில்லில், தலைமயிரின் தடிமனை விடப் பல மடங்கு குறுகிய சந்தி. அதற்கு நான்கு கம்பிகள். இரண்டு மின்னோட்டம் செலுத்த, இரண்டு வோல்டேஜ் படிக்க. கம்பியின் சொந்தத் தடை அளவீட்டில் கலக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. சில்லு, ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து குளிரூட்டும் டைல்யூஷன் குளிர்கலத்தின் அடித்தட்டில் உட்காரும். அறை வெப்பத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கம்பியும் வெளியுலகின் மின்னிரைச்சலை உள்ளே கொண்டுவரும். அதனால் வழியில் செம்புத்தூள் அடைத்த வடிகட்டிகளை வைப்பார்கள். கிளார்க்கும் அவருடைய மாணவர் மார்ட்டினிஸும் உடன் இருந்த டெவோரேயும் எண்பதுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்த உத்தி இது. பிறகு மைக்ரோவேவைப் பாய்ச்சி ஷப்பிரோ படிகளை எண்ணுவார்கள். சாதாரணச் சந்தியில் எல்லாப் படிகளும் தெரியும். மயோரானா நிலை இருந்தால் ஒற்றைப்படைப் படிகள் காணாமல் போக வேண்டும். 2016-ல் வூர்ட்ஸ்பர்க் குழு, பாதரச டெலுரைடு சந்தியில் முதல் படி மறைந்ததைக் காட்டியது.

கொண்டாட்டம் நீளவில்லை. எந்த டோப்பாலஜியும் இல்லாத இண்டியம் ஆர்சனைடு சந்தியிலும் படி காணாமல் போகலாம் என்று 2021-ல் வேறொரு குழு அளந்து காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில், நானோகம்பியில் மயோரானாவின் அடையாளத்தைக் கண்டதாக டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2018-ல் நேச்சரில் எழுதிய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இந்தத் துறையில் கருவியை விடச் சந்தேகத்தைத்தான் கூர்மையாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மலைக்கு அடியிலான தேடல் வேறு வகை. நியூட்ரினோவே மயோரானா சொன்ன துகளாக இருந்தால், சில அணுக்கருக்கள் ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான்களை உமிழ்ந்து, நியூட்ரினோ எதையும் வெளியே விடாமல் சிதையும். அப்படிச் சிதையக்கூடியவற்றில் ஒன்று வெள்ளீயத்தின் 124 நிறையெண் கொண்ட ஐசோடோப்பு. இயற்கை வெள்ளீயத்தில் நூற்றுக்கு ஆறுக்கும் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. சிதைந்தால் டெலுரியமாகும், எலக்ட்ரான்கள் இரண்டும் சேர்ந்து 2.29 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை விட்டுப் போகும். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இந்தச் சிதைவைத் தேடும் திட்டத்துக்குச் சூட்டிய பெயர் டின்டின். பெல்ஜிய காமிக்ஸ் வீரனை நினைத்துச் சிரித்துக்கொண்டே வைத்திருப்பார்கள் போல.

யோசனை எளிமையானது. வெள்ளீயக் கட்டியை 10 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தால் அது மீக்கடத்தி. அதன் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொண்டு வெப்பத்தை ஏற்க மறுக்கும். படிகத்தின் அதிர்வு மட்டும்தான் வெப்பத்தை வாங்கும், அதுவும் மிகச் சொற்பம். ஆகவே ஒரே ஓர் அணுக்கருவின் சிதைவும் கட்டியின் வெப்பநிலையை அளக்கக்கூடிய அளவுக்கு உயர்த்தும். வெப்பமானியாக ஜெர்மேனியத் துண்டுகள். டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான்களைப் பாய்ச்சி, ஜெர்மேனிய அணுக்களில் சிலவற்றை வேறு தனிமங்களாக மாற்றி, மில்லிகெல்வினில் மின்தடை செங்குத்தாக ஏறும்படி அவற்றைத் தயாரித்தார்கள். திரவ ஹீலியம் ஊற்றத் தேவையில்லாத, நூறு கிலோ அளவுக்குக் கருவியைத் தாங்கக்கூடிய டைல்யூஷன் குளிர்கலம் மும்பையில் நிறுவப்பட்டது.

இங்கேதான் பழைய நோய் திரும்பவும் தலைகாட்டியது. அசுத்தங்கள் கொள்ளைநோயைத் தடுக்கும். ஆனால் கதிரியக்கத்தைக் குறைக்க இந்தச் சோதனைக்கு மிகத் தூய வெள்ளீயம் வேண்டும். தூய வெள்ளீயத்தைக் குளிர்வித்துச் சூடேற்றி மறுபடி குளிர்வித்தால் சாம்பலாகும் ஆபத்து உண்டு. மும்பைக் குழு சிறிதளவு பிஸ்மத் கலந்து பார்த்தது. கலவை நோயையும் தாங்கியது, மீக்கடத்தியாகவும் இருந்தது. மும்பையில் தவிர்க்கப் பார்த்த அந்தச் சாம்பலைத்தான் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் வலிந்து வளர்த்தார்கள். சாம்பல் வெள்ளீயப் படலத்தின் மேல் அயனிக் கற்றையால் கோடு வரைந்து, கோடு போன இடத்தை மட்டும் மீக்கடத்தும் வெள்ளை வெள்ளீயமாக மாற்றினார்கள். ஒரே தனிமத்தில் இரண்டு பொருள்கள், நடுவே சந்தி. அதில் மீக்கடத்து மின்னோட்டம் ஒரு திசையில் கூடுதலாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் பாய்வதை அளந்தார்கள்.

இனி மலை. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்கள் கருவியில் பட்டால் வெள்ளீயத்தின் சிற்றொலி அந்தக் கூச்சலில் அமுங்கிவிடும். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டராவது பாறை வேண்டும். இந்தியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கோலார் தங்கவயலில் 1950-களின் தொடக்கத்திலேயே ஹோமி பாபா சொல்லி பி.வி. ஸ்ரீகண்டன் சுரங்கத்துக்குள் மியூவான்களை அளந்தார். 1965-ல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய–ஜப்பானிய–பிரிட்டிஷ் குழு வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை முதன்முதலாகக் கண்ட குழுக்களில் ஒன்றானது. அந்தச் சுரங்கங்களை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். தங்கம் கட்டுப்படியாகாமல் போய் 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்பே சோதனைகள் நின்றிருந்தன.

மாற்றிடம் தேடியவர்கள் முதலில் நீலகிரியின் சிங்காராவைத் தேர்ந்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம் என்பதால் 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்துப் பேசப்பட்ட சுருளியாறு அடர்ந்த காடு. கடைசியில் பொட்டிபுரம். மழை குறைந்த, முட்புதர் மண்டிய அடிவாரம். கிடைமட்டமாக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை வெட்டினாலே மலைக்கு நடுவே போய்விடலாம். பாறை சார்னகைட். கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கல்லோ நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். போடி மலையின் பாறைத் துண்டுகள் மும்பைக்குப் போய், அவற்றின் கதிரியக்கமும் நியூட்ரான் இரைச்சலும் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. குகையின் பெரும்பகுதி நியூட்ரினோக்களைப் பதிவுசெய்யும் 50,000 டன் இரும்புக் கருவிக்கு. ஓரத்தில் சிறிய இடம் வெள்ளீயத்துக்கு.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. மார்ச்சில் அரசியல் தலைவர் வைகோவின் மனுவை ஏற்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம் எல்லைக்கு அப்பால் இருந்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், துல்லியமாக 4.9 கிலோமீட்டரில் வருகிறது. சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும் வெளிப்பட்டது. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. தீர்ப்பாயம் அதை ரத்து செய்யவில்லை, ஆனால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றது. வெடிவைத்தால் இடுக்கி அணைக்கும் முல்லைப் பெரியாறுக்கும் என்னவாகும் என்ற கேள்வி மலையின் இரு பக்கமும் எழுந்தது. அதிர்வு அணைகளை எட்டாது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

இந்தச் சண்டையில் நியூட்ரினோவே ஆபத்தானது என்ற பேச்சு அறிவியலுக்குப் பொருந்தாது. அது நொடிக்குக் கோடிக்கணக்கில் எல்லோர் உடலையும் துளைத்துப் போகிறது. ஆனால் காடு பற்றிய கேள்வி அப்படிப்பட்டதல்ல. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தந்த பதிலில், பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தில் இந்த மலை இருக்கிறது என்று சொல்லித் திட்டத்தை ஏற்க மறுத்தது. பாறையின் கதிரியக்கத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள் பூங்காவுக்கான தூரத்தைத் தொடக்கத்திலேயே சரியாகக் கணக்கில் எடுத்திருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும்.

மதுரையை அடுத்த வடபழஞ்சியில் அந்த இரும்புக் கருவியின் 85 டன் மாதிரி ஒன்று நிறுவப்பட்டு மியூவான்களைப் பதிவு செய்தது. அம்பரப்பர் மலையில் சுரங்கம் வெட்டப்படவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் குவோரே என்ற சோதனை, டெலுரியம் ஆக்சைடு படிகங்கள் 988-ஐ 10 மில்லிகெல்வினில் வைத்து இதே வகைச் சிதைவைத் தேடிவருகிறது. டின்டினின் வெள்ளீய–பிஸ்மத் துண்டுகள் இதுவரை அளக்கப்பட்டதெல்லாம் மும்பை கொலாபாவில், அரபிக்கடலை ஒட்டிய கட்டடத்தில், மேலே பாறை எதுவும் இல்லாமல்தான்.